மாப்பிள்ளை பேரில்லாத பத்திரிகை

போன வாரம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம். சமூகவியல் கட்டுரைகள் ஸ்பைரல் போட்டு, கட்டுக்கட்டாக விற்பனைக்குக் கிடந்தன. ஒன்றைப் புரட்டினேன். விளக்கம், இயல்புகள், நன்மைகள், தீமைகள், முடிவுரை. ‘தொழில்மயமாதல் கூட்டுக் குடும்பத்தைச் சிதைத்தது’ என்று நான் படித்த காலத்து அதே வரி, அதே இடத்தில். பிணத்துக்குக்கூட இத்தனை நாளில் நிறம் மாறியிருக்கும்.

சூடான காகிதத்தின் வாசனை என்னைச் சைக்ளோஸ்டைல் மை வாசனையில் கொண்டுபோய் விட்டது. அறுபதுகளின் கடைசி. பட்டணத்தில் எம்.ஏ. சமூகவியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்பா திருப்பூரில் மாமாவின் பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிறவர். என் சட்டைகளில் பனியன் துணி வெளுக்கிற சலவைப் பட்டறையின் பிளீச்சிங் நெடி போகவே போகாது. வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு சமத்துவத்தைப் பற்றிக் குறிப்பெடுப்பான்.

எங்கள் பேராசிரியரைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் அதே நோட்ஸைச் சைக்ளோஸ்டைல் எடுத்துக் கொடுப்பார். அதையே நாங்கள் திருப்பி எழுதினால் மகிழ்வார். தான் ஊட்டியதை மாணவன் வாந்தியெடுத்தால், ஒரு பருக்கை குறையாமல் வந்திருக்கிறதா என்று பார்த்து மார்க் போடுகிற கலை அது.

கடைசி வருஷம் ‘தொழில்மயமாதலும் கூட்டுக் குடும்பமும்’ என்று தலைப்புக் கொடுத்தார். எவன் கட்டுரை முதலாவதோ, அவனுக்குத் துறையிலேயே டியூட்டர் வேலை. கிடைக்காவிட்டால் நான் கம்பெனிக்குத் திரும்பி, அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று துணி வெட்ட வேண்டும்.

முதலில் நான் எழுதியது எங்கள் திருப்பூர்ச் சீமைக்காரன் மட்டுமே எழுதக்கூடிய கட்டுரை. பெரியவர்கள் பேச்சை மறுத்து எங்களுக்குப் பழக்கமில்லை. இல்லை என்பதைக்கூட ‘இல்லீங்க’ என்று சொல்லி அதன் பல்லைப் பிடுங்கிவிடுவோம். ஒரு வெள்ளைக்கார அறிஞர், குடும்பம் சிதைகிறது என்றார், சரி என்றேன். இன்னொருவர் சிதையவில்லை என்றார், அவரும் சரி. எல்லாருக்கும் சந்தனம் கொடுத்து உட்கார வைத்தேன்.

விடுதியில் என் அறைத்தோழன் காதர். அவனும் எங்கள் ஊர்தான், பனியன் வியாபாரி மகன். படித்துவிட்டு வேண்டுமென்றே மரியாதையாகக் கேட்டான்.

“ஏனுங்க, இது கட்டுரைங்களா, கல்யாணப் பத்திரிகைங்களா?”

“ஏன்டா?”

“பெரியவங்க பேரெல்லாம் இருக்குது. மாப்பிள்ளை பேரைத்தான் காணோம்.”

அவன் கையிலிருந்து தாளைப் பிடுங்கிக்கொண்டேன். ஆனால் அவன் சொன்னது நிஜம். நான் என்ன நினைக்கிறேன் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மாமாவும் அவருடைய இரண்டு தம்பிகளும் கம்பெனியை ஒட்டி மூன்று வீடுகளில் இருந்தார்கள். அடுப்பு மூன்று, கம்பெனி ஒன்று. அத்தையிடம் கேட்டேன்.

“ஏனுங்கத்தை, நீங்க ஒரே குடும்பங்களா, மூணுங்களா?”

“சேலை எடுக்கப் போனா மூணு, கண்ணு. மாமியாளுக்கு ஒடம்பு முடியலீன்னாலும் மூணுதான். வெளியாளு எவனாச்சும் கம்பெனியைப் பத்தி ஒரு சொல்லுச் சொல்லட்டும், ஒண்ணாயிருவோம்.”

மாமா சிரித்தார். “தோட்டமா இருந்தா வரப்புப் போட்டு எப்பவோ பிரிச்சிருப்போமப்பா. மிஷினை அறுத்தா ஆளுக்கு நாலு ஊசிதான் வரும்.”

பழைய கட்டுரையைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். நிலம் பிரித்துவிட்டிருக்கக்கூடிய அண்ணன் தம்பிகளை எங்கள் ஊரில் மிஷின் சேர்த்து வைத்திருக்கிறது என்று முதல் பத்தியிலேயே என் கட்சியைச் சொன்னேன். கண்ணால் கண்டதை ஆதாரமாக வைத்தேன். ஊரை விட்டு மில் வேலைக்குப் போன கூலிக் குடும்பங்களில் புத்தகம் சொல்வதுதான் சரி என்பதையும் மறைக்கவில்லை. எதுவரை சரி, எங்கிருந்து தப்பு என்று கோடு கிழித்தேன். ஒரு கட்டுரைக்கு இதற்கு மேல் என்ன வேலை இருக்கிறது? இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லித்தர அந்தப் பெரிய கட்டடத்தில் ஓர் ஆள் இல்லை.

பேராசிரியர் என் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

“இது எந்தப் புத்தகத்தில் இருக்கு?”

“எங்க மாமா ஊட்டுல இருக்குதுங்க சார்.”

“உன் மாமா எந்த யூனிவர்சிடி?”

“பனியன் கம்பெனிங்க.”

“அப்ப அங்கேயே போயிடு.”

வகுப்பு சிரித்தது. கைக்குட்டைக்காரனுக்கு வேலை கிடைத்தது. அவன் கட்டுரையில் ஒரு பெரியவர்கூட விடுபடவில்லையாம். ஓய்வு பெறும்வரை அந்த நோட்ஸைத்தான் அவனும் ஓட்டினான் என்று கேள்வி.

நான் கம்பெனிக்குப் போனேன். அப்பா வெட்டுமேசையில் எனக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கிக்கொடுத்தார்.

எழுபதுகளின் கடைசியில் ஏற்றுமதி ஆர்டர்கள் வரத் தொடங்கின. கையில் பணம் புரண்டது. மிஷினை யாரும் அறுக்க வேண்டியிருக்கவில்லை. இன்னும் இரண்டு வாங்கினால் போதுமாக இருந்தது. முதலில் சின்ன மாமா தனியாகப் போனார், பிறகு நடு மாமா. ‘சிதைத்தது’ என்ற பேராசிரியரின் தப்பான வரி, அவர் நாற்காலியை விட்டு அசையாமலே சரியாகிப் போயிற்று.

மாமாவும் அத்தையும் காதரும் இன்று இல்லை. போன மாதம் மாமாவின் பேரனிடம் அந்தப் பழைய கம்பெனியைப் பற்றிச் சொன்னேன். எம்.பி.ஏ. படித்தவன்.

“யாருக்கு என்ன பங்குன்னு எழுதி வெக்காமயேவா ஒண்ணா இருந்தாங்க? அதெப்படிங்க முடியும்?”

முடிந்தது என்று ஒருவன் எழுதித்தான் வைத்தான். துறையின் பழைய காகிதத்தோடு அது எப்போதோ எடைக்குப் போயிருக்கும்.