பேட்ரிக்குக்கு விடாத இடம்

இது நடந்ததுதான். நம்பாதவர்கள் ஃபைஃப் பக்கம் வந்தால் அந்தக் கல்லை நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். இதை அனுபவித்தவள் என் பக்கத்து வீட்டு இஷ்பெல் லம்ஸ்டன். ஸ்காட்லாந்தின் பழைய குடும்பங்களின் வம்சாவளியைத் தேடி எழுதுவது அவள் தொழில். அவளுக்குப் பொய்யே வராது என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு பொய் சொன்னாள். வந்த வினை எல்லாம் அதனால்தான்.

கில்ராண்டி மாளிகையின் மன்கர் குடும்பத்துக்கு நிலமும் உண்டு, படிப்பும் உண்டு. இருநூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த கிரேக்கப் பேராசிரியர் டேவிட் மன்கர்தான் அவர்களுடைய பெருமை. இப்போதைய பெரியவர் லூடோவிக், தன் மகளுக்குப் பிறக்கப் போகும் குழந்தைக்காக வம்ச மரம் ஒன்றை ஆட்டுத்தோல் ஏட்டில் எழுதித் தரும்படி இஷ்பெலிடம் சொன்னார்.

அங்கே பெயர் வைப்பதற்கு ஒரு முறை இருந்தது. தலைச்சன் பிள்ளைக்கு அப்பாவின் அப்பா பெயர். அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். ஒரு பிள்ளை செத்துப்போனால் அந்தப் பெயரை அடுத்துப் பிறப்பவனுக்கு வைத்துவிடுவார்கள். உயிரோடு இருந்தால் தொட மாட்டார்கள்.

பேராசிரியரின் அப்பா பெயர் பேட்ரிக். ஆனால் அவருடைய மூத்த மகன் என்று எழுதியிருந்தது ஆர்ச்சிபால்டு. அது அம்மாவின் அப்பா பெயர். அதற்குப் பிறகும் அந்த வம்சத்தில் ஒரு பேட்ரிக் கூட இல்லை. அப்படியானால் மூத்தவன் ஒருவன் எங்கேயோ உயிரோடு இருந்திருக்கிறான் என்று இஷ்பெலுக்குப் பொறி தட்டியது.

தேவாலயத்துப் பின்புறம் ஒரு கல்லறைக் கல் குப்புறக் கிடந்தது. லூடோவிக்கும் அவளும் கடப்பாரை போட்டுப் புரட்டினார்கள்.

'எல்ஸ்பெத் ரீக்கி, டேவிட் மன்கரின் மனைவி. இவர்கள் மகன் பேட்ரிக்.' எல்ஸ்பெத் இறந்த வருடம், ஆர்ச்சிபால்டு பிறந்து வெகுகாலம் கழித்து. பேட்ரிக் பிறந்த வருடம் இருந்தது. இறந்த தேதிக்கு விட்ட இடம் வெறுமையாக இருந்தது.

எல்ஸ்பெத் அந்த மாளிகையில் துணி வெளுத்தவள். பாதிரியார் வேண்டாம், சாட்சி வைத்து 'இவள் என் மனைவி' என்று சொன்னாலே அந்நாளில் அங்கே கல்யாணம் செல்லும். அவள் உயிரோடு இருக்கும்போதே பேராசிரியர் ஒரு நீதிபதியின் மகளைக் கட்டிக்கொண்டார்; ஆர்ச்சிபால்டு இந்த இரண்டாமவளின் பிள்ளை.

லூடோவிக் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப எங்க வம்சமே கொல்லைப்புற வழியா வந்ததா? அதை நானே சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டணுமாக்கும்?"

"உள்ளதைத்தானே ஐயா எழுத முடியும்?"

"உள்ளதுல கொஞ்சம் விட்டுட்டா யாரு கேக்கப் போறா? எடின்பரோ வம்சாவளிச் சங்கத்துல உங்க பேரை நானே சொல்றேம்மா."

அந்தச் சங்கத்தில் சேர இஷ்பெல் பத்து வருடமாகத் தவம் கிடந்தாள். வாயை மூடிக்கொண்டாள். கல்லை மறுபடி குப்புறத் தள்ளினார்கள்.

மறுநாள் முதல் மாளிகையின் நூலக அறையில் எழுத்து வேலை. அங்கிருந்த கிழட்டு நாய் அவள் நாற்காலிக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டு வாலை ஆட்டியது. அடியில் ஒன்றுமில்லை. அவள் கணுக்கால் பக்கம் மட்டும் இதமாக ஒரு சூடு. ஏதோ குட்டி ஒண்டிக்கொண்டது போல. கணப்பு அடுப்போ அறையின் அந்தக் கோடியில் இருந்தது.

கடைசி நாள். நவம்பர். மணி மூன்றே முக்கால். வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. ஆர்ச்சிபால்டின் பெயரை மூத்தவன் இடத்தில் எழுதி முடித்தாள்.

சொட்... சொட்...

நிமிர்ந்தாள். மேசைக்கு எதிரே ஒரு பெண். முழங்கை வரை ஈரம். சவுக்கார வாசனை. வேலைக்காரி என்று நினைத்தாள். ஊர் வழக்கப்படி கேட்டாள்.

"எந்த வீட்டுப் பொண்ணும்மா நீ?"

"ரீக்கி வீடு, தாயி."

ஊரில் ரீக்கிகள் பலர் உண்டு. இஷ்பெல் அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அந்தக் குளிரில் வந்தவள் வெறுங்காலோடு நின்றாள்.

"மூத்தவனுக்கு எடம் விட்டீங்களா, தாயி?"

"மூத்தவன் ஆர்ச்சிபால்டு. இதோ இருக்கானே."

"அவனுக்கு முன்னால ஒருத்தன்..."

இஷ்பெல் சொல்லியிருக்கலாம். பேனா கையில்தான் இருந்தது. எழுதியிருக்கலாம்.

"அப்படி ஒருத்தன் கிடையாதும்மா."

வந்தவள் கோபப்படவில்லை.

"படிச்சவங்க. நீங்க சொன்னா சரிதான்."

குனிந்து, நாற்காலிக்கு அடியில் கையை நீட்டினாள்...

கணுக்காலில் இருந்த சூடு விலகியது.

நாய் ஊளையிட்டது.

விளக்கை ஏற்றியபோது யாரும் இல்லை. தரையில் ஈரத் தடம். கதவிலிருந்து மேசை வரை ஒரு ஜோடிக் கால்.

மேசையிலிருந்து கதவு வரை...

இரண்டு ஜோடி.

இரண்டாவது மிகச் சிறியது.

மறுநாள் காலை லூடோவிக் போன் செய்தார். குரலில் குதூகலம்.

"பேரன் பொறந்திருக்கான், இஷ்பெல். நேத்து சாயந்திரம் நாலு மணிக்கு. எம் பொண்ணு பேட்ரிக்னு பேரு வெச்சுட்டா."

"நீங்க சொன்னீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? அந்தக் கல்லைப் பத்தியே அவளுக்குத் தெரியாதே. அந்தப் பேரு இப்பத்தான் காலியாச்சுங்கற மாதிரி தோணுச்சாம். என்ன பேச்சு பாருங்க."

இஷ்பெல் என் கதவைத் தட்டினாள். கடப்பாரையோடு இருவரும் ஓடினோம். மூச்சுப் பிடித்துக் கல்லைப் புரட்டினோம்.

வெறுமையாக இருந்த இடத்தில் தேதி வெட்டியிருந்தது. முந்தின நாள் தேதி. இந்த வருடம்.

விரலால் தடவிப் பார்த்தேன். எழுத்துக்குள் பாசி, நூறு வருடத்துப் பாசி, கெட்டியாகப் படிந்திருந்தது.

"நான்தான்..." என்றாள் இஷ்பெல். "நேத்து வரைக்கும் அவன் இருந்தான்."