கிளியரிங்கில் எனக்கு மூணாம் நம்பர்

பதினாறு வருஷம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவளின் பெயர் எனக்குத் தெரியாது என்றால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போங்கள். கடலூர் கிளியரிங் ஹவுஸில் உட்கார்ந்து எழுந்தவர்கள் யாரையாவது கேட்டுப்பாருங்கள், அவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு வங்கியின் மாடியில் இருந்த பெரிய ஹால் அது. ஊரிலுள்ள எல்லா வங்கிகளிலிருந்தும் காலை பத்தரைக்கு வங்கிக்கு ஒருவராக அங்கே போவோம். எங்கள் கிளையில் மக்கள் போட்டிருக்கும் மற்ற வங்கிச் செக்குகளை வங்கிவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பட்டியல் எழுதி, குண்டூசி குத்தி எடுத்துப்போக வேண்டும். எங்கள் கட்டுகளை அவர்களிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் கொண்டுவந்த எங்கள் செக்குகளை வாங்கிக்கொள்வோம். கடைசியில் எல்லாருடைய கூட்டலும் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும். ஒரு செக் குறைந்தாலும் ஹாலில் ஒருத்தரும் எழுந்திருக்க முடியாது. ஊரின் அத்தனை வங்கிகளுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் அந்த ஒரு மணி நேரத்தில், டீ கிளாஸ்களுக்கு நடுவில்தான் முடிந்துகொண்டிருந்தது.

அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு நம்பர், அந்த நம்பர்தான் அங்கிருந்து வருகிறவரின் பெயர். "பதினொண்ணு இன்னிக்கு லீவா?", "அஞ்சுக்குப் பையன் பொறந்திருக்கானாம்" என்றுதான் பேச்சே ஓடும். நான் மூணு. அவள் ஏழு. நாலு நாற்காலி தள்ளி உட்கார வேண்டியவள், அங்கே ஃபேன் காற்று வரவில்லை என்று சாக்குச் சொல்லி முதல் வாரமே என் பக்கத்துக்கு வந்துவிட்டாள். அப்புறம் எழுந்து போகவே இல்லை.

நான் காலையில் சாப்பிடாமல் வருகிறேன் என்பது அவளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ! கைப்பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்து என் பட்டியலின் மேலேயே வைப்பாள். "மொதல்ல இத தின்னு. அப்புறம் கூட்டிக் கழி" என்பாள். என்னைப் பெண்பார்க்க வந்த கடைசி ஆள் வயது ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போனபோது அம்மாவுக்கு முன்னால் கல்லாக நின்றவள் நான். மறுநாள் ஹாலில் அவளிடம் அழுதுவிட்டேன். "கெடக்கான் தடியன். அவன் மண்டையில எத்தினி முடி இருந்துச்சு, அதச் சொல்லு மொதல்ல" என்றாள். அழுகையும் சிரிப்புமாக எனக்கு மூக்கு ஒழுகியது. அவளுடைய மேல்பட்டாம்பாக்கத்துப் புகுந்த வீடு, மகள் தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை, அதற்காகப் பேச்சை நிறுத்திவிட்ட மாமனார் எல்லாரையும் எனக்குத் தெரியும். பெயரைக் கேட்க மட்டும் தோன்றவே இல்லை. போன் நம்பரும் அப்படித்தான். நாளைக் காலையில் பார்க்கப்போகிறவளுக்குப் போன் எதற்கு?

அப்புறம் மேலிடத்து உத்தரவு வந்தது. இனிமேல் செக் எங்கேயும் பயணம் போகாது, அதன் படம் மட்டும் போகும். கம்ப்யூட்டரே கூட்டிக் கழித்து, எந்த வங்கி எந்த வங்கிக்கு எவ்வளவு தரவேண்டும் என்று முடித்துவிடும் என்றார்கள். நல்லதுதான், யார் இல்லை என்றது? வெளியூர்ச் செக்கைப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் வந்துவிட்டதா என்று பத்து நாளாக என் கவுண்டருக்கு நடந்த ஒரு மனுஷனை நான் பார்த்திருக்கிறேன். இப்போது காலையில் போட்டால் சில மணி நேரத்தில் பணம் விழுந்துவிடுகிறது. அதைக் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும்.

ஹால் மூடுவதற்கு மூன்று நாள் இருந்தபோதுதான் அது நடந்தது. ஏழுக்கு நான் கொடுத்த கட்டில் பட்டியலின்படி பதினோரு செக். அவள் எண்ணினால் பத்துதான் இருந்தது. எனக்கு அப்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நேரம், இரண்டு நாளாகத் தூக்கமில்லை. அதெல்லாம் இப்போது சொல்கிற சமாதானம். அன்றைக்கு நான் எழுந்து நின்று கத்தினேன். "வாங்கும்போதே எண்ண மாட்டியா? கண்ணு எங்க இருந்துச்சு? ஊர்க்கதை பேசறதுக்குத்தான் இங்க வர்றியா?" என்றேன். மொத்த ஹாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தது. அவள் முகம் சுண்டிப்போயிற்று. "சரி, எங்க பக்கம் கொறையுதுன்னு எழுதிக்கறேன். எல்லாரும் வேலையப் பாருங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

கிளைக்குத் திரும்பிப் பையைக் கொட்டினால் அந்தச் செக் என்னிடமே இருந்தது. பழைய பட்டியல் ஒன்றின் பின்பக்கம் குண்டூசியில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பாவி, நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆட்டோ பிடித்து ஓடியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. கிளியரிங்கில் தவறு நேர்ந்தால் மன்னிப்புக் கேட்கிற வழக்கமே எங்களிடம் கிடையாது. தப்பு யாருடையதானாலும் ஒரு சீட்டு எழுதிச் செக்கோடு அனுப்பினால் விஷயம் முடிந்தது, அதற்குமேல் ஒருத்தரும் பேச மாட்டார்கள். அப்படியே நானும் 'வித்தியாசம் சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு பியூனிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. மிச்சமிருந்த நாட்களுக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டேன். எனக்குப் பதில் இன்னொருத்தர் போனார். ஹாலைப் பூட்டிவிட்டார்கள்.

எனக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தது. அம்மாவும் கண்ணை மூடிவிட்டாள். காலையில் கடலூரில் பஸ் ஏறி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி சிதம்பரத்தில் இறங்கி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு ஸ்கேனரின் முன்னால் உட்காருவேன். செக்கை வைத்தால் சரக்கென்று இழுத்துப் படம் பிடித்துத் துப்பும். எந்த வங்கிச் செக்காக இருந்தாலும் அதே சத்தம்தான். முதலில் நாளுக்கு முந்நூறு வந்தது. எல்லாரும் போனில் பணம் அனுப்ப ஆரம்பித்த பிறகு முப்பது, நாற்பது. தேவனாம்பட்டினத்தில் மீன் வாங்கினால்கூட அந்த அக்கா கூடைக்கு மேலே க்யூஆர் கோடு அச்சடித்த ஒரு அட்டையை நீட்டி, "இதுக்குப் போனைக் காட்டு கண்ணு, சில்லறை இல்ல" என்கிறாள். கிளைக்குள் வருகிறவர்கள் பாஸ்புக் மெஷின் ஓடுகிறதா என்று கேட்பார்கள். ஓடுகிறது என்பேன். பல நாள் அதுதான் நான் வாயைத் திறந்து சொன்ன ஒரே வார்த்தை.

அவளைத் தேடாமல் இல்லை. ஒரு சனிக்கிழமை அவளுடைய பழைய கிளைக்குப் போனேன். அந்த வங்கியை வேறொரு வங்கியோடு சேர்த்துவிட்டார்கள், கட்டடத்தில் செல்போன் கடை இருந்தது. சேர்ந்த வங்கியின் கிளையைத் தேடிப்பிடித்துப் போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையான பிள்ளைதான். "ஸ்டாஃப் பேரு சொல்லுங்க மேடம், எங்க இருக்காங்கன்னு பார்க்கறேன்" என்றார். வாயைத் திறந்தேன். "ஏழு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வெட்கத்தில் என் உடம்பே கூசிப்போயிற்று.

போன மாதம் ஒரு வேலையாக மஞ்சக்குப்பம் போனபோது, ஹாலுக்கு டீ கொண்டுவருவாரே, அந்த டீக்காரர் சொந்தமாகக் கடை போட்டிருப்பதைப் பார்த்தேன். "மூணாம் நம்பர் அம்மாதானே? நல்லா இருக்கீங்களா?" என்றார் அவர். அந்த நம்பரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று! ஏழாம் நம்பரைப் பற்றிக் கேட்டேன். "அவுங்களா? எம் பொண்ணு கல்யாணத்துக்குப் போன்லயே மொய் அனுப்புனாங்களே" என்று தன் போனை நீட்டினார். அவருக்கும் பெயர் தெரியாது. 'ஏழாம் நம்பர்' என்றுதான் பதிந்துவைத்திருந்தார். எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கிளையில் என் இடத்தில் உட்கார்ந்தபடியே அந்த எண்ணைப் பணம் அனுப்பும் செயலியில் அடித்தேன். பணம் போகிற கணக்கு யாருடையது என்று அது பெயரைக் காட்டுமே, காட்டியது. நாலெழுத்துப் பெயர், கூடவே புருஷன் பெயரின் முதலெழுத்து. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெயருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாததுபோல இருந்தது.

போன் பண்ணியிருக்கலாம். தைரியம் வரவில்லை. ஒரு ரூபாய் அனுப்பி, அதோடு 'அன்னிக்குத் தப்பு என்மேலதான்' என்று எழுதினேன். இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள், மறுபடியும் ஒரு சீட்டுதான் அனுப்பியிருக்கிறேன். ஐந்து நிமிஷத்தில் அந்த ஒரு ரூபாய் திரும்பி வந்தது. 'நீங்க யாருன்னு தெரியல. ஆள் மாத்தி அனுப்பிட்டீங்க போல' என்று கூடவே ஒரு வரி. அவளுடைய போனும் என் பெயரைத்தானே காட்டியிருக்கும். அதை அவள் எங்கே கண்டாள்?

இதற்குமேல் சீட்டு எழுத முடியாது என்று போன் பண்ணினேன்.

"யாருங்க?" என்றது அதே குரல்.

"நான்தான்டி. மூணு."

"இதான் உம் பேரா?" என்று கேட்டாள்.

நான் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தேன். செக் என் பையில் இருந்தது, தெரிந்தும் ஓடிவரவில்லை, எல்லார் முன்னாலும் உன்னைப் பார்த்துக் கத்தியதை நினைக்காத நாள் இல்லை, என்னை மன்னித்துவிடு என்றேன்.

"முடிஞ்சுபோனதுக்கு இன்னா இப்ப" என்றாள். கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். "சிதம்பரந்தான். ரிட்டயர் ஆயி பொண்ணு வூட்டோட வந்து மூணு வருஷம் ஆவுது. உங்க பிராஞ்சுலதான் அக்கவுண்டு வச்சிருக்கேன்."

"அடிப்பாவி! ஒருவாட்டி வந்து என்னைப் பார்த்திருக்கக் கூடாதா?"

"வந்தனே. ரெண்டு வாட்டி வந்தேன். கண்ணாடிக்கு அந்தாண்ட நீ மிசின்ல செக்கு போட்டுக்கினு இருந்த. எதிருலயே நின்னேன், நீ தலையத் தூக்கல. மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்த எழுதாம சீட்டு அனுப்புனவதானே, பாத்தும் பாக்காத மாதிரி இருக்கான்னு நெனச்சிக்கினு போயிட்டேன். அப்புறம் எல்லா வேலையும் போன்லயே ஆயிடுது. அங்க வர்றதுக்கு இன்னா இருக்கு?"

சத்தியமாக நான் பார்க்கவில்லை என்றேன். கடைசியாக எப்போது வந்தாய் என்று கேட்டேன்.

"போன தை மாசம். உன் பொறந்த நாளு அன்னிக்கு" என்றாள்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒருத்தராவது வந்து என்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார்களா என்று காலையிலிருந்து அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.