மார்க்குக்குப் பிரெஞ்சு

2026 ஜனவரி 18, ஞாயிறு. வழக்கம்போல் ஆறு மணிக்கு நடை, பிறகு குளியல், இரண்டு இட்லி. இப்போது சோளக்காட்டுச் சந்தையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். நான் இருபத்தாறு வருடம் இலக்கியம் நடத்திய பிரெஞ்சுத் துறையைக் கல்லூரி மூடுகிறது. இனி ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கச் சம்மதமா என்று நாளைக் காலை முதல்வருக்குச் சொல்ல வேண்டும்.

மிளகு விற்கும் அம்மாள் எனக்குக் கால் கிலோ நிறுத்துக்கொண்டே என் வேலையை விசாரிக்கிறார். சொல்கிறேன்.

“அட, எம்பட பொண்ணும் காலேஜுல பிரெஞ்சுதானுங்க! நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு.”

எனக்குச் சட்டென்று உற்சாகம் வந்துவிடுகிறது. “இப்பவும் பிரெஞ்சுல ஏதாவது படிக்கிறாளா?”

“எதுக்குங்க? தமிழ் எடுத்தா மார்க் கொறையும்னு இதை எடுத்தா. பரீச்சையோட மறந்துட்டா. வாத்தியாரு தங்கமான மனுசன், அள்ளிப் போடுவாராமுங்க. நீங்களும் அப்படித்தானுங்களே?”

மார்க்கை அள்ளிப் போட்டால்தான் எங்களிடமும் பிள்ளைகள் சேர்ந்தார்கள். நாவல்களைப் பாடத்திட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கடைசியில் கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்னோம்.

“ஆமாங்க” என்கிறேன்.

“நல்லா இருப்பீங்க சாமி” என்று ஒரு பிடி மிளகு கூடுதலாகப் போடுகிறார்.

திங்கள் காலை முதல் வேலையாக முதல்வருக்குப் போன் செய்து சம்மதம் சொன்னேன். ஸ்போக்கன் இங்கிலீஷில் மார்க் எவ்வளவு போடுவது வழக்கம் என்றும் கேட்டுக்கொண்டேன்.