காய்ச்சல் காட்டாத கிருமி

ஈரல் சுருங்கிய என் கணவர் மதுவை விட்டு வெகுகாலமாகியிருந்தது. அன்று மாலை, கடித்துக்கொண்டு தேநீர் குடிப்பதற்கான பனங்கட்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட்டு, வெறும் உள்ளங்கையைக் கடித்துக்கொண்டிருந்தார். பேச்சும் குழறியது.

"உவன் திரும்பக் கள்ளுக்கொட்டிலுக்குப் போயிட்டு வந்திட்டான், பிள்ளை. படுக்கட்டும், விடியத் தெளிஞ்சிடும்," என்றார் அவருடைய தமையனார்.

வாயை முகர்ந்தேன், மணமில்லை. நெற்றியில் சூடுமில்லை. ஆனால் வீங்கியிருந்த வயிற்றில் கை பட்டதும் துடித்தார்.

"அண்ணை, இது குடிவெறியில்லை. ஓட்டோவைக் கூப்பிடுங்கோ!"

"ஆஸ்பத்திரியிலை சிரிக்கப்போகினம்."

"சிரிக்கட்டும்."

வழியில் என் பெயரைக் கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

வயிற்றில் தேங்கியிருந்த நீரை ஊசியால் எடுத்துச் சோதித்த வைத்தியர், அதில் கிருமி தொற்றியிருப்பதாகச் சொன்னார். ஈரல் சுருங்கியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் அது வருமாம்; புத்தி தடுமாறுவதே அடையாளமாகலாமாம். விடியும்வரை காத்திருந்தால் உயிர் தப்பியிருப்பது அரிது என்றார்.

மருந்து ஏறி, சில நாட்களில் தெளிந்தவர் என் கையைப் பற்றினார்.

"இஞ்சாரும், நான் குடிக்கேல்லை."

"ஓம், எனக்குத் தெரியும்."

அருகே நின்ற தமையனார் தலைகுனிந்தார். தான் பிழைப்போமா என்று என் கணவர் கேட்கவேயில்லை; நான் அவரை நம்பவேண்டும் என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது. அந்த ஒற்றை 'ஓம்' என்பதைத் தயங்காமல் சொல்ல முடிந்ததே இன்றும் எனக்கு ஆறுதல்.