கிளைட் ஹாட்ரிக் தேர்ந்தெடுத்த கம்பி

ஆஸ்திரேலியாவில் பெண்டிகோ நகராட்சியில், வண்டி நிறுத்த அனுமதிச்சீட்டு வழங்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர் கிளைட் ஹாட்ரிக். உட்கார்ந்திருப்பவர் என்றால் உட்கார்ந்திருப்பவர்தான். ஐம்பத்திரண்டாவது வயதில் மருத்துவர், "கொஞ்சம் நடங்க" என்றார். கிளைட்டின் காதில் அது, "வீட்டிலேயே உடற்பயிற்சிக் கூடம் வையுங்க" என்று விழுந்தது.

அன்றைக்கே காரைத் தெருவில் விட்டார். காலியான சின்னஞ்சிறு கார் கொட்டகையில் முதலில் வரவேண்டியது, பிடித்துத் தொங்கி உடம்பை மேலே இழுக்கச் சுவரில் மாட்டும் புல்-அப் கம்பி, தரையில் இடத்தை அடைக்காது என்று முடிவு கட்டினார். முடிவு கட்ட ஒரு நாள். கம்பியைத் தேர்ந்தெடுக்க ஏழு மாதம்.

பிடி முப்பது மில்லிமீட்டரா, முப்பத்திரண்டா? பூச்சு சொரசொரப்பா, வழவழப்பா? மடங்குவது நல்லதா? முழங்கால் சுவரில் உரசுமா? இருநூற்றைம்பது கிலோ தாங்குவதைக் கழித்துவிட்டு முந்நூறு கிலோ தாங்குவதைத் தேடினார். அவருடைய எடை தொண்ணூற்றெட்டு.

மனைவி லியோனிக்கு ரொட்டிக்கடையில் வேலை. இருபத்தைந்து கிலோ மாவு மூட்டைகளைத் தோளில் ஏற்றி இறக்கிவிட்டு வருபவளுக்கு இந்த ஆராய்ச்சி பொறுக்கவில்லை.

"அதுல யாரு தொங்கப் போறா, யானையா?"

"பாதுகாப்பு விஷயம், லியோனி. அவசரப்படக் கூடாது."

"அவசரமா? ஈஸ்டருக்குப் பார்க்க ஆரம்பிச்சே. கிறிஸ்துமஸே வரப்போகுது!"

நவம்பரில் ஒருவழியாக அமெரிக்காவிலிருந்து கம்பி வந்து இறங்கியது. மாட்டித்தர வந்தவர் அடுத்த தெருத் தச்சர் விலியாமி, பசிபிக் தீவு நாடான டோங்காக்காரர். சுவரைத் தட்டிப் பார்த்தார். கம்பியைப் புரட்டிப் பார்த்தார்.

"கிளைட், இது வெறும் ஜிப்சம் பலகை. உள்ளே மரச்சட்டம் இருக்கிற இடத்துலதான் போல்ட் போடணும். இங்க சட்டம் நானூத்தம்பது மில்லிமீட்டருக்கு ஒண்ணு. இதுல ஓட்டை நானூத்தாறுக்கு இருக்கு. அது அவங்க ஊர் வீட்டு அளவு. நீங்க சுவரை அளக்கலையா?"

கிளைட்டுக்குக் காது மடல் சிவந்தது.

"பிடி முப்பத்திரண்டு மில்லிமீட்டர்" என்றார்.

விலியாமி சிரிப்பை மென்று விழுங்கினார். மூன்று சட்டங்களுக்குக் குறுக்கே கனத்த மரப்பலகை ஒன்றை முடுக்கி, அதன்மேல் கம்பியைப் பொருத்தினார். ஏழு மாத ஆராய்ச்சி நாற்பது நிமிடத்தில் முடிந்தது. சோதித்துப் பார்க்க, பேசிக்கொண்டே பத்து முறை மேலே போய் வந்தார்.

அடுத்து கிளைட். கையுறை மாட்டினார், எம்பிப் பிடித்தார், தொங்கினார். கம்பி அசையவில்லை. கிளைட்டும் அசையவில்லை. முகம் மட்டும் பீட்ரூட் ஆனது.

"நல்லாத்தான் மாட்டியிருக்கீங்க" என்று இறங்கினார், கம்பியைச் சோதிக்கத்தான் தொங்கியதுபோல.

அப்போதுதான் வேலை முடிந்து லியோனி வந்தாள். முழங்கை வரை மாவு. என்னதான் இருக்கிறது இதில் என்று கம்பியைப் பிடித்தவள், சரசரவென்று மேலே போனாள்.

கிளைட் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"தாடை கம்பியைத் தாண்டல" என்றார் கிளைட். "அது கணக்குல வராது."

அவள் மறுபடி ஏறினாள். தாடையைக் கம்பிக்கு மேலே வைத்துக்கொண்டே கீழே பார்த்தாள்.

"இப்போ வருமா?"

"உங்க கடையில ஆள் எடுக்கறாங்களா, லியோனி?" என்றார் விலியாமி. "மூட்டை தூக்க நானும் வரேன்!"

அன்று கிளைட் இரவுச் சாப்பாட்டில், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' ஒன்றோடு எழுந்துவிட்டார், வழக்கம் இரண்டு. மறுநாள் அந்த வெட்கத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். லியோனி கம்பியைப் பிடிக்கும் போதெல்லாம் கீழே நின்று, "முதுகை வளைக்காதே, மெதுவா இறங்கு" என்று திருத்தத் தொடங்கினார். பிப்ரவரிக்குள் அவள் ஒரே மூச்சில் நான்கு புல்-அப் எடுத்தாள். அவர் இருபது விநாடி தொங்கினார்.

போன வாரம் அலுவலகத் தேநீர் அறையில், சட்டங்களுக்கிடையே நானூற்றைம்பது மில்லிமீட்டர் என்பதைத் தாமே கண்டுபிடித்த தோரணையில் அரைமணி நேரம் விளக்கினார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் மிகுந்த மரியாதையோடு கேட்டாள்:

"நீங்க எத்தனை எடுப்பீங்க, கிளைட்?"

கிளைட் நிதானமாக ஒரு மடக்குத் தேநீர் குடித்தார்.

"வீட்டுல நாங்க நாலு எடுக்கறோம்."