குடோனுக்கு வந்த கிதார் குழு

வெறும் குடோனுக்குள் நின்று கையைத் தட்டினால், அந்தச் சத்தம் தகரக் கூரையில் மோதி, எதிர்ச் சுவரில் மோதி, யாரோ நாலு பேர் நம்மைக் கேலி செய்வதுபோலத் திரும்பி வரும். அன்று காலை முழுவதும் நாங்கள் குழந்தைகள் கைதட்டிக்கொண்டே அங்கே ஓடினோம். எங்கள் அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவுடைய, பனியன் கம்பெனிக் குடோன் அது. நூல் மூட்டையும் துணி மூட்டையும் இல்லாமல் அதன் தரையை நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூட்டைகளையெல்லாம் பக்கத்துக் களத்துக்கு அப்புறப்படுத்தியவர் என் தாய்மாமன் பழனிச்சாமி. மெட்ராஸில் பெரிய அரங்குகளில் வாசித்துவந்த பேர்பெற்ற கிதார் குழு ஒன்று, பெரிய மேடைகள் அலுத்துவிட்டன, கொஞ்ச நாள் சின்ன ஊர்களில் சின்ன இடங்களில் வாசிக்கப்போகிறோம் என்று பத்திரிகையில் சொல்லியிருந்தது. புகழ் வந்தவர்களுக்குத்தான் இந்த அலுப்பு வரும். வராதவர்கள் முதலிலிருந்தே சின்ன இடத்தில்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். மாமா ரயிலேறிப் போய் அவர்களைத் திருப்பூருக்கு அழைத்துவிட்டார். ஊரில் "டப்பாங்குத்துக் கோஷ்டி" வருகிறது என்று பேச்சு.

அப்புச்சி கத்தவில்லை. நிபந்தனை மட்டும் போட்டார். "ஊரு சிரிக்காம முடிச்சுப்போட்டீன்னா கம்பெனிச் சாவி உன்ற கையில. சிரிச்சுதுன்னா, கொமரலிங்கத்துல இருக்கற நம்ம தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போயிரோணும்." இருபது வயதைத் தாண்டியும் எதிலும் ஒட்டாமல் திரிந்த மாமாவுக்குச் சாவி வேண்டுமோ என்னவோ, தோட்டம் வேண்டாம் என்பது மட்டும் நிச்சயம்.

மத்தியானம் வேன் வந்தது. டிரம் வாசிப்பவர் ஒரே ஒரு அடி அடித்தார். அது சுவர் சுவராகச் சுற்றி, அடுத்த அடி விழும்வரை அடங்கவில்லை. பாடினால் ஒரு சொல்லும் புரியவில்லை. குழுவின் தலைவர், தோள்வரை முடி வளர்த்த மெலிந்த மனிதர், மாமாவைக் கூப்பிட்டார்.

"இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"

"மூட்டைங்க. உங்குளுக்காகச் சுத்தமா வெளிய தள்ளிப்போட்டனுங்க," என்றார் மாமா பெருமையாக.

"அடப்பாவி. அத்தனையும் உள்ள கொண்டாங்க."

கம்பெனி ஆட்களை அனுப்ப மாட்டேன் என்று அப்புச்சி சொல்லிவிட்டார். "தள்ளுனவனே சொமக்கட்டும்." மாமா தனியாளாக முதல் மூட்டையைத் தலையில் ஏற்றினார். டிக்கெட் வாங்கிக்கொண்டு நேரத்திலேயே வந்துவிட்ட இஸ்திரிச் சட்டைக்காரர்கள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் சிரிக்கவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்ட மாமாவின் முகத்தை நான் பார்த்தேன். அப்புறம் கிதார்க்காரர்களே இறங்கிவந்து ஒரு மூட்டையைத் தூக்கவும், பார்த்தவர்களுக்கு வெட்கமாகிவிட்டது; பாட்டுக் கேட்க வந்திருந்த, கைலியை மடித்துக் கட்டிய தெற்கத்தித் தொழிலாளிகளும் இஸ்திரிச் சட்டைகளும் ஒன்றாகக் களத்துக்கும் குடோனுக்குமாக நடந்தார்கள். அவசரத்தில் யாரோ ஒரு துணி மூட்டையைத் தரையில் இழுத்துவிட்டார்கள். வீம்பாக உட்கார்ந்திருந்த அப்புச்சியால் அதைத் தாங்க முடியவில்லை.

"ஏனுங்க, இழுக்காதீங்க சாமி, தூக்குங்க! வெள்ளைத் துணிங்க அது!" என்று ஓடிவந்தவர், எந்த மூட்டை எந்தச் சுவரோரம் என்று கடைசிவரை அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னாளில் வருவாய்த் துறையில், மக்கள் கூடும் இடங்களுக்கு உரிமம் வழங்கும் மேசையில் பல வருடம் இருந்தவள் நான். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, மின் ஆய்வாளர் சான்று, எதுவும் மாமாவிடம் இல்லை. ஒரே கதவு, நாலு பக்கமும் நூலும் துணியும், நடுவில் மின்சார ஒயர். அந்த மனு என்னிடம் வந்திருந்தால் மறுநாளே திருப்பியனுப்பியிருப்பேன். நல்லவேளை, எனக்கு அப்போது பத்து வயது. தீயணைப்பு ஏற்பாடு என்று அங்கே இருந்தது, "பீடிய அணைங்க சாமி" என்று கும்பிட்டுக்கொண்டே சுற்றிவந்த அப்புச்சி ஒருவர்தான்.

பொழுது சாயும் நேரத்தில் ஆரம்பித்தார்கள். மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிட, டிரம் அடி இப்போது ஒன்றாகவே விழுந்தது. கிதாரின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த ஜனம் காலால் தாளம் போடப்போட, பஞ்சுத் தூசி கிளம்பி விளக்கு வெளிச்சத்தில் மிதந்து, பாடுகிறவர்களின் தலைமுடியெல்லாம் வெள்ளையானது. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை வேன் பொள்ளாச்சிக்குப் புறப்பட்டபோது, ஏற்பாடுகளைப் பார்க்க ஆள் வேண்டும், எங்களோடு வந்துவிடுகிறீர்களா என்று தலைவர் மாமாவைக் கேட்டார். மாமா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புச்சி வந்து சாவிக்கொத்தை அவருடைய சட்டைப் பையில் போட்டார். தோற்றிருந்தால் தோட்டத்துக்குப் பயந்து மாமா வேனில் ஏறியிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஜெயித்தவர் கம்பெனியைத் திறக்கப் போனார்.

குடோன் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. களமும் இல்லை, அப்புச்சியும் இல்லை. நிட்டிங் மிஷின்களுக்கு நடுவே நாற்பது வருடம் நின்றதில் மாமாவின் காதில் மிஞ்சியிருப்பது வெறும் இரைச்சல்தான். போன மாதம், மைதானங்களில் பாடி அலுத்த ஒரு பெரிய குழு, சின்ன அரங்குகளைத் தேடி அவிநாசி ரோட்டுக்கு வந்தது. போகலாமா என்று சைகையில்தான் கேட்டேன். மாமா சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். அரங்கின் நுழைவாயிலில் எல்லாச் சான்றுகளும் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தன. படித்துப் பார்த்தேன், ஒன்றிலும் குறையில்லை.

மூன்றாவது பாட்டில் இளவட்டங்கள் எழுந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். மாமா என் பக்கம் சாய்ந்து, சுற்றிலும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "ஏனம்மிணி, அந்த மிஷின நிறுத்தச் சொல்லு. பாட்டு ஆரம்பிக்கட்டும்."

"சொல்லீட்டனுங்க மாமா," என்று அவர் காதருகே கத்தினேன்.