'பயப்படாதேயுங்கள்' என்று எழுதிய பலகை

கோயில் வாசற் பலகையில் வெண்கட்டியால் எழுதுகிற வேலையில் ஒரு வசதி உண்டு: மழை பெய்தால் பிழையெல்லாம் கழுவப்பட்டுப் போகும். இந்த மாதம் கொட்டாஞ்சேனையில் மழையே இல்லை.

இருட்டடிப்புக்காக விளக்குகளை மறைத்த பிறகு, வீட்டு முன் ஒழுங்கையில் ஒரு சத்தம் கேட்கும். கரகரவென்று எதையோ இழுக்கிற சத்தம். முதல் இரவு பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். தகரப் பெட்டி என்று பிறகுதான் விளங்கியது. யப்பான்காரன் குண்டு போடுவான் என்று சனம் ஊருக்குப் போகிறது. என் புருஷனுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. எனக்கு நித்திரை வராது, இருந்து எழுதுகிறேன். ஊருக்காக நாலு வரி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு விளங்கும்.

காசிம் நானாவின் ஆடு

கன்னியாஸ்திரிமார் பழக்கிய கையெழுத்தை நம்பித்தான் சுவாமியார் இந்த வேலையைத் தந்தார். பூசை நேரம், மரண அறிவித்தல், சுத்தபோசன நாள் எல்லாம் எழுதவேண்டும். எதிரே இறைச்சிக்கடை வைத்திருக்கும் காசிம் நானாதான் என் முதல் வாசகர். எங்கள் ஆட்கள் இறைச்சி தொடாத நாளென்று பலகை சொன்னால் அன்றைக்கு அவர் ஆடு வெட்டமாட்டார். ஒருமுறை பிள்ளைக்குக் காய்ச்சல். சுத்தபோசன நாளை எழுத மறந்துபோனேன். வாங்க ஆளில்லாமல் பின்னேரம் வரைக்கும் ஆடு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"மகள், ஒங்கட சாமிக்கு மறதி வந்தா, என்ட ஆட்டுக்கல்லவா மௌத்து."

ஒரே ஒரு சொல்

சனம் கலைவதைப் பார்த்த சுவாமியார், வேறொன்றும் வேண்டாம், 'பயப்படாதேயுங்கள்' என்று மட்டும் பெரிதாய் எழுது என்றார். எழுதினேன். சொல் ஒரு பக்கம் சரிந்துபோனது.

பூசைக்குக் கட்டாயம் போகவேண்டிய கடன் திருநாளும் நோன்பும் அந்தப் பலகையில்தான் வரும். அதனால் அதில் வருவதெல்லாம் எங்கள் ஆட்களுக்குக் கட்டளை. பின்வளவுத் தகரக்கூரை வீட்டு றெஜினா மன்னாருக்கு டிக்கெட் எடுத்து, பெட்டியும் கட்டி வைத்திருந்தவள். புருஷன் கப்பலில், இரண்டு சின்னப் பிள்ளைகள். பலகையைப் பார்த்துவிட்டுப் பெட்டியை அவிழ்த்தாள், டிக்கெட்டை யாருக்கோ கொடுத்தும்விட்டாள். ஏனடி என்று கேட்டேன்.

"கோயில் சொன்ன பிறகு போனால் பாவமெல்லோ அக்கா."

சனிக்கிழமை வழக்கம்

அந்தச் சொல்லை அழிக்கட்டுமா என்று சுவாமியாரிடம் ஓடினேன். வேதவாக்கைச் சனி பின்னேரம்தான் அழிப்பது வழக்கம், நடுவில் அழித்தால் கோயிலே பயந்துவிட்டது என்று சனம் நினைக்கும் என்றார். அதுவும் நியாயம்தான். அதனால் கீழே சின்னதாக, 'ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஆண்டவர் துணை' என்று எழுதினேன். றெஜினா அதை நம்பி ஸ்டேஷனுக்குப் போனாள். ரயிலில் நிற்கவும் இடமில்லையென்று பிள்ளைகளோடு திரும்பி வந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. காசிம் நானா ரோட்டைக் கடந்து வந்து பலகை முன்னால் நின்றார்.

"பெரிய எழுத்து இருக்கச் சொல்லுது, சின்ன எழுத்து போகச் சொல்லுது. நாங்க எதக் கேக்குற, மகள்?"

கல்வீடு

எங்கள் வீடு கல்வீடு. அபாயச் சங்கு ஊதினால் கதவைத் தட்டிக்கொண்டு நிற்காதே, தள்ளிக்கொண்டு வா என்று றெஜினாவுக்குச் சொன்னேன். அன்றிலிருந்து இரவிரவாகக் கதவைச் சும்மா சாத்திவைத்துவிட்டு, ஒவ்வொரு காலடிக்கும் திடுக்கிட்டுக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்க, அதே கரகரச் சத்தம் பின்வளவிலிருந்து வந்தது. எங்கள் வாசலில் நின்றது. கதவு திறந்தது. இடுப்பில் ஒரு பிள்ளை, பெட்டிப் பிடியில் தொங்கிக்கொண்டு மற்றது, நடுவில் றெஜினா.

"சங்கு ஊதுமட்டும் பாத்துக்கொண்டு இருக்கேலாதக்கா. இது பலகையில வரேல்லை, நீங்க வாயால சொன்னதுதான். பரவாயில்லையோ?"

ஊர் முழுவதற்கும் பயப்படாதேயுங்கள் என்று எழுதியவள், அந்தப் பெட்டி உள்ளே வந்த கையோடு முதல் செய்த காரியம், கதவை அடைத்துத் திறாங்கு போட்டதுதான்.